திருத்தணி, ஒரு ரிவால்வர், ரெண்டு 1959-கள்

போன மாசம் சித்தப்பாவோட திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு கார்ல கிளம்பினோம். அவர் ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். முறையா லைசென்ஸ் வாங்கின .32 ரிவால்வர் ஒண்ணு வெச்சிருக்கார். அதை எடுத்து டேஷ்போர்டுக்குள்ள வைக்கப் போனார்.

"சித்தப்பா, நகரி வந்தா ஆந்திரா. லைசென்ஸ் அங்க செல்லுமா?"ன்னேன்.

"என் கார், என் துப்பாக்கி. எவன்டா கேப்பான்?"

லைசென்ஸைப் பிரிச்சுப் பார்த்தோம். செல்லுபடியாகும் எல்லைன்னு போட்டிருந்தது தமிழ்நாடு மட்டும். அப்புறம்தான் எனக்குள்ள இருந்த சரித்திரப் பூச்சி முழிச்சுக்கிச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க மக்களே.

1878-ல லிட்டன் பிரபு வைஸ்ராயா இருந்தப்போ ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியன் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. அந்தப் பாகுபாடு முதல் உலகப் போருக்குப் பிறகுதான் போச்சு. சுதந்திரம் வந்தும் பழைய சட்டமே ஓடிட்டிருந்தது. 1959-ல நம்ம பாராளுமன்றமே புது ஆயுதச் சட்டம் போட்டுது, அந்த வருஷத்து 54-ஆம் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர்ல.

இப்ப வேடிக்கையைக் கேளுங்க. அதே 1959-ல 56-ஆம் சட்டம் எது தெரியுமா? ஆந்திரா - சென்னை எல்லை மாற்றச் சட்டம்! 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்போ சித்தூர் மாவட்டத்தோட போன திருத்தணி, ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நம்ம பக்கம் வந்துச்சு. முருகன் நகரவே இல்ல, 365 படியும் அங்கேயேதான் இருந்துச்சு. கோடுதான் நகர்ந்துச்சு. சித்தப்பா லைசென்ஸ் நிக்கிறது அந்தக் கோட்டுலதான்.

சரி, கார் மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவுல பல மாநிலத்துல சொந்தக் காரை வீடு மாதிரி பாக்கறாங்க. இங்க அப்படி இல்ல. ரோட்டுல போற கார்ல இருந்தாலும் துப்பாக்கியை வெளியே கொண்டு போறதாத்தான் அர்த்தம். 2016 விதிகள்படி பொது இடத்துல கைத்துப்பாக்கியை உறையில, முழுசா மூடி, நம்ம கட்டுப்பாட்டுலயே வெச்சிருக்கணும். லைசென்ஸ் நிபந்தனையை மீறினா 6 மாசம் வரை ஜெயில், இல்ல 2000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. லைசென்ஸையே ரத்தும் பண்ணலாம். லைசென்ஸே இல்லாம வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகலாம். வெளி மாநிலத்துக்கும் கொண்டு போகணும்னா எல்லையை நீட்டிக்கச் சொல்லி முன்கூட்டியே மனு போடணும்.

தேர்தல் வந்தா இன்னும் கெடுபிடி. லைசென்ஸ்காரங்களை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, பறக்கும் படை எல்லையில ஒவ்வொரு வண்டியா டிக்கியைத் திறக்கும். 1967 தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஜனவரி 12-ல, ராமாவரம் தோட்டத்துல எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டதையும் அதனால ஊரே பத்திக்கிட்டதையும் எங்க தாத்தா சொல்லிக் கேட்டவங்க நாங்க.

சித்தப்பா முணுமுணுத்துக்கிட்டே ரிவால்வரை பீரோவுல வெச்சுப் பூட்டினார்.

செக்போஸ்ட்ல யாருமே நிறுத்தல. "பாத்தியா?"ன்னு என்னைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா? முப்பது வருஷம் யூனிஃபார்ம் போட்ட மனுஷன் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருப்பீங்க"ன்னேன்.

புத்தூர் வர்ற வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம், "டீ சாப்பிடலாமா?"ன்னார். அது சமாதானக் கொடின்னு எடுத்துக்கிட்டேன் :)

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. துப்பாக்கி வெச்சிருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அவங்கவங்க லைசென்ஸை ஒரு தடவை பிரிச்சுப் படிச்சுடுங்க.