புதுக் கார் டயர்: கம்பெனி தரும் பெரிய ரிம்மா, வெளிக்கடை டயரா?

புதுக் காருக்குப் பதிவு செய்யும்போது ரிம், டயர் பற்றிய தாள் பெரும்பாலும் கடைசியில்தான் வெளியே வரும். நிறம், முன்பணம், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துக் களைத்துப்போயிருக்கும் நேரம் அது. "மாதம் முப்பது வெள்ளிகூட ஆகாது அண்ணே, காரே வேற மாதிரி தெரியும்" என்று விற்பனையாளர் சொல்வார். அவர் சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் அது முழுக் கணக்கு அல்ல.

பேச்சு வழக்கில் "கம்பெனி டயர்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலிருந்தே வருவது. விலை குறைந்த வகைக்குச் சிறிய ரிம்மும் விலை கூடிய வகைக்குப் பெரிய ரிம்மும் பொருத்தி அனுப்புவார்கள். மற்றொன்று, விற்பனை நிலையம் தன் பங்குக்குச் சேர்க்கும் "பேக்கேஜ்". இந்த ரிம்மும் டயரும் கார் இங்கே வந்த பிறகு மாட்டப்படுபவை. காரைச் செய்த நிறுவனம் சோதித்துப் பார்த்தது முதல் வகையை மட்டும்தான். பேக்கேஜில் வருவதும் நீங்களே டயர் கடைக்குப் போய் மாட்டிக்கொள்வதும் பல வேளைகளில் ஒரே சரக்குதான். கடனோடு சேர்த்துத் தருகிறார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

தொழிற்சாலை அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதற்கு நம் சாலைகளில் அதிகம் தென்படும் பெரோடுவா மைவியையே பார்க்கலாம். 2017இல் வந்த மைவியில் 1.3 வகைக்கு 175/65 ஆர்14, 1.5 வகைக்கு 185/55 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் அளவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய 114 மி.மீ., இரண்டாவதற்கு 102 மி.மீ. ஆனால் முழு விட்டம் முதலாவதற்கு 583, இரண்டாவதற்கு 584.5. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ரிம் ஓர் அங்குலம் பெரிதானால் ரப்பர் அந்த அளவுக்கு மெலிகிறது. அதனால்தான் வேகமானியும் தப்பாகக் காட்டுவதில்லை, சக்கரம் மட்கார்டிலும் உரசுவதில்லை.

இதே காருக்கு வெளிக்கடையில் 16 அங்குல ரிம் போட்டு, கையிருப்பில் இருக்கிறதென்று 195/50 டயரை மாட்டினால் விட்டம் 601 மி.மீ. ஆகிவிடும். 3 விழுக்காடு கூடுதல். அந்த அளவுக்கு வேகமானி குறைத்துக் காட்டும். ஐந்து பேர் ஏறிப் பெட்டியும் வைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது உரசும். சரியான அளவு 195/45. அதன் விட்டம் 582. ஆனால் அதில் பக்கச்சுவர் 88 மி.மீ. மட்டுமே.

அந்த 88க்கும் 114க்கும் உள்ள இடைவெளி தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய விஷயம். லாரிகள் குழிபறித்த செம்மண் சாலையிலும், மழைக்குப் பிறகு விளிம்பு உடைந்து நிற்கும் தார்ச்சாலையிலும் அடியைத் தாங்குவது பக்கச்சுவர்தான். அது மெலிந்திருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். சில நாளில் பக்கவாட்டில் முட்டை போல வீக்கம் தெரியும். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. டயரை எறியத்தான் வேண்டும். இரும்பு ரிம் வளைந்தால் பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம், அலாய் ரிம் விரிசல் கண்டால் கஷ்டம். பட்டணத்து நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு 15, 16 அங்குலம் நன்றாகவே இருக்கும். வளைவில் கார் பிடித்து நிற்கும். தினமும் செம்பனைக் காட்டுக்குள் போய்வரும் காருக்கு, பார்க்க எடுப்பாக இல்லாவிட்டாலும், பக்கச்சுவர் உயர்ந்த டயரே நல்லது.

உபரி டயரையும் கேட்டுவிடுங்கள். சில புதுக் கார்களில் உபரி டயருக்குப் பதில் காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும்தான் வருகின்றன. ஆணி குத்தினால் அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் எதற்கும் உதவாது. கைப்பேசிக்கு அலை கிடைக்காத தோட்டச் சாலையில் இரவு நேரம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரிம்முக்குச் செலவழிக்க நினைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை உபரிச் சக்கரத்துக்குப் போடுவது எவ்வளவோ மேல்.

தவணைக் கணக்கு

பேக்கேஜ் விலை 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுக் கடன், நிலை வட்டி 3 விழுக்காடு. வட்டி மட்டும் 648 ரிங்கிட், ஆக மொத்தம் 3,048. அதை 108 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 28 ரிங்கிட் சொச்சம். விற்பனையாளர் சொன்ன முப்பதுக்குள் வந்துவிட்டது. ஆனால் டயர் தேயும் பொருள். சராசரியாக ஓட்டுபவருக்கு மூன்று, நான்கு ஆண்டில் தேய்ந்துவிடும். அதன் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு, குப்பைக்குப் போய்விட்ட டயருக்கும் சேர்த்துத் தவணை கட்டிக்கொண்டிருப்போம். இடையில் புது டயரும் வாங்கியாக வேண்டும். அந்த அளவில் விலையும் கூடுதலாக இருக்கலாம். ஆகவே 14 அங்குலத்துக்கும் 16 அங்குலத்துக்கும் ஒரு செட் டயர் இன்று என்ன விலை என்று கடையில் கேட்டுவிட்டு அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

விலை கூடிய வகையை எடுப்பது வேறு கதை. கூடுதல் காற்றுப் பைகளும், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் அதில்தான் வருகின்றன என்றால் அவற்றுக்காக எடுங்கள். பெரிய ரிம் கூடவே வரட்டும். ரிம்முக்காக மட்டும் வகை மாறுவது வீண் செலவு.

"கம்பெனி டயர் மட்டம், முதல் நாளே கழற்றிப் போடு" என்பவர்களும் நம்மிடையே உண்டு. அதில் பாதிதான் உண்மை. கார் நிறுவனங்கள் பெட்ரோல் சிக்கனம், சத்தம் குறைவு, விலை ஆகியவற்றைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுக்கின்றன. மழையில் பிடிப்பது அவ்வளவு பிரமாதமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பள்ளம் முழுசாக உள்ள சாதாரண டயர், தேய்ந்துபோன விலை உயர்ந்த டயரைவிட ஈரச் சாலையில் பாதுகாப்பானது. பெரும்பாலோருக்கு நல்ல வழி, வந்த டயரை ஓட்டித் தேய்த்துவிட்டு, அடுத்த செட்டை நல்லதாகப் பார்த்து ரொக்கத்தில் வாங்குவதுதான்.

உடனே மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய டயரைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். புதுக் காரிலிருந்து கழற்றிய டயரைப் பல கடைகள் விலைக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். ஓடிய கிலோமீட்டர் ஏற ஏற விலை இறங்கும். இதில் மற்றவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. அதே அளவு டயர் போடும் பழைய கார் வைத்திருப்பவர்கள், "புதுக் காரில் கழற்றியது இருக்கா?" என்று கேட்டால் ஏறக்குறையப் புது டயர் மலிவாகக் கிடைக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

அளவுக்குப் பின்னால் 82வி என்பதுபோல எழுதியிருக்கும். 82 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். வி என்பது மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை. அந்த வேகத்தில் நாம் யாரும் போகப்போவதில்லை. ஆனால் சுமைக் குறியீடு, காரோடு வந்த டயரில் இருந்ததைவிட ஒருபோதும் குறையக்கூடாது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போகும்போது முழுச் சுமையும் அதன்மேல்தான்.

தயாரித்த தேதி, டிஓடி எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு எண்களில் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அரை நூற்றாண்டாக ஷா ஆலாமில் டயர் செய்த குட்இயர் ஆலை 2024இல் மூடப்பட்டுவிட்டது. கப்பலில் வந்து கிடங்கில் காத்திருக்கும் டயர்களும் கடைகளில் உண்டு. பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ரப்பர் வெயிலில் காய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு கேளுங்கள்.

பணம் போதாமல் இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். முன் சக்கரம்தானே இழுக்கிறது என்று பலர் முன்னால் போடுவார்கள். ஆனால் ஈரத்தில் பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். முன்பக்கம் வழுக்குவதைச் சமாளிப்பதைவிட அது கடினம்.

ரிம்மும் மாற்றுவதாக இருந்தால் ஜேடபிள்யூஎல் முத்திரை உள்ளதா, நடு ஓட்டை காரின் அச்சுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே சம்மன் வரும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டிய ரிம் திருடுபோனால் இழப்பீடு கேட்பது சிரமம்.

"பேக்கேஜ் எடுத்தால்தான் கார் சீக்கிரம் வரும்" என்று யாராவது சொன்னால், காரின் விலையையும் பேக்கேஜ் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே பல பேக்கேஜ்கள் "கட்டாயம் இல்லை" என்று ஆகிவிடும். வாக்களித்தது ஒன்று, மாட்டி வந்தது வேறொன்று என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

கார் கைக்கு வந்த முதல் வாரத்தில், காலையில் டயர் சூடேறும் முன் காற்றை ஒருமுறை அளந்துவிடுங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவு அதுவல்ல.