சைலன்சர் மாற்றுமுன்: தீவக வீதிகளும் மோட்டார் சைக்கிள் சத்தமும்

இரவு எட்டு மணிக்குப் பின், காற்று அடங்கிய நேரத்தில் பண்ணைப் பாலத்தில் நின்று பாருங்கள். மண்டைதீவுச் சந்திப் பக்கமிருந்து வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு பெரிதாகத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். இருபுறமும் தண்ணீர்; இடையில் மரமோ மதிலோ இல்லை. நீர்ப்பரப்பு சத்தத்தை உறிஞ்சாது, தெறிக்கவிடும். யாழ்ப்பாண நகரத்தில் பஸ் இரைச்சலோடு கலந்து காணாமல் போகிற ஒரு சத்தம், வேலணையிலோ புங்குடுதீவிலோ ஊர் முழுவதற்கும் கேட்கும்.

2009க்குப் பின் ஏ9 வீதி முழுமையாகத் திறந்ததும், தெற்கிலிருந்து நீண்ட பயணம் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தீவகம் ஒரு கடைசித் தரிப்பிடம் ஆனது. அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஓடலாம். அங்கே வண்டியை விட்டுவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேற வேண்டும். திரும்பும்போது ஊர்காவற்றுறையில் பாதை ஏறிக் காரைநகர் வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களும் உண்டு. றோயல் என்பீல்ட், பல்சர், அவெஞ்சர் எனப் பின்னால் பெட்டி கட்டிய வண்டிகள் பலவற்றில் கம்பனி போட்ட சைலன்சர் இருப்பதில்லை. நம்முடைய பெடியளும் பின்தங்கவில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய வண்டியின் தோற்றத்தையும் சத்தத்தையும் மாற்றித் திருப்திப்பட்டார்கள் என்பது என் கணிப்பு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். நான்கு அடி எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி செக்கனுக்கு 25 தடவை வெடிக்கிறது. வண்டியை மெதுவாக நிறுத்தி வைத்திருக்கும்போது, 1000 சுற்றில், செக்கனுக்கு எட்டுத் தடவைதான். அதனால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. பழைய புல்லட்டின் 'டுப் டுப்' பேர் பெற்றதற்குக் காரணம் இதுவே: 346 சிசி, 70 மில்லிமீற்றர் விட்டம், 90 மில்லிமீற்றர் அடி, கனமான சுழல் சில்லு, மெதுவான ஓட்டம். இன்றைய 349 சிசி கிளாசிக்கில் அடி 85.8 மில்லிமீற்றர், சத்தம் கொஞ்சம் இறுக்கமானது. 150 சிசி பல்சருக்கு எந்தச் சைலன்சரைப் போட்டாலும் அது புல்லட் ஆகாது. எஞ்சினின் அமைப்பில் இல்லாத குரலைக் குழாய் கொண்டுவராது. சத்தத்தைக் கூட்டத்தான் அதனால் முடியும்.

கம்பனிச் சைலன்சருக்குள் பல அறைகள் இருக்கும். புகை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வளைந்து போகும்போது அலைகள் ஒன்றையொன்று மோதித் தணிகின்றன. வெளியிலிருந்து வாங்கும் சைலன்சர்களில் பெரும்பாலானவை நேர்க்குழாய் வகை. உள்ளே துளைகள் போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் கண்ணாடி நார். நார் உயர்ந்த சுருதிகளை உறிஞ்சிக்கொள்ளும், அடித்தொனி மிஞ்சும். நல்ல தயாரிப்பில் அது கேட்க இனிமையாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நார் நிரந்தரமானதல்ல. சூட்டில் கருகித் துகளாகி வெளியே பறக்கும். மலிவான போலிகளில் இது மிக விரைவாக நடக்கும். ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச், ஜப்பானின் யோஷிமுரா என்று பெயர் பொறித்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு வருகிறவை அந்தக் கம்பனிகளின் வாசலைக்கூடக் கண்டிராதவை. வாங்கிய நாளில் அளவாக இருந்த சத்தம் ஆறு மாதத்தில் தகரத்தில் கல் போட்டுக் குலுக்கியது போல ஆனால், நார் போய்விட்டது என்று அர்த்தம். நாரை மாற்றலாம், மூடி ஆணி போட்டதாக இருக்க வேண்டும். ஒட்டிவிட்டிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாற்றுவதில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. கடைசித் துண்டை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது ஒன்று. எஞ்சின் வாயிலிருந்து முழுக் குழாயையும் மாற்றுவது இன்னொன்று. மூன்றாவது, ஊர்க் கராஜில் கம்பனிச் சைலன்சரையே வெட்டி உள்தடுப்புகளை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவது, அல்லது பின்னால் துளை போடுவது. செலவு குறைவென்பதால் மூன்றாவதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். மூன்றிலும் மோசமானது அதுதான். தொனி திருந்துவதில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. புதிய வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டர் சில மாடல்களில் வளைகுழாயிலும் சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கிறது. தெரியாமல் வெட்டினால் அதுவும் குப்பைக்குள் போகும்.

'சைலன்சர் மாற்றினால் வண்டி இழுக்கும்' என்ற பேச்சில் உண்மை சிறிதளவுதான். கடைசித் துண்டை மட்டும் மாற்றி 20 குதிரைவலு எஞ்சினில் பெறக்கூடியது, பெற்றால், ஒன்றிரண்டு. அதுவும் உயர்ந்த சுற்றில். ஒவ்வொரு வெடிப்பிலும் வெளியேறும் அழுத்த அலை குழாயின் முனையில் திரும்பி, உறிஞ்சும் அலையாக வால்வுக்கு வருகிறது. அது சரியான நேரத்தில் வந்தால் மிச்சப் புகையை இழுத்தெடுக்கும். குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கம்பனி அதற்காகவே கணக்கிட்டிருக்கும். அகலமான குழாய் போட்டால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். தீவக வீதியில் நாம் ஓடுவது அந்தக் குறைந்த சுற்றில்தான். சோளகம் எதிரே அடிக்கும் நாளில் தாம்போதியில் வண்டி மூச்சுவாங்குவதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புகை இலகுவாகப் போனால் காற்றும் அதிகம் உள்ளே வரும்; எரிபொருள் போதாமல் கலவை மெலியும். எஞ்சின் சூடேறும். காபரேற்றர் வண்டியில் ஜெற்றை ஓரளவு பெரிதாக்கிச் சரிசெய்யலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் ஒட்சிசன் உணரி ஒரு எல்லைக்குள் தானாகச் சமாளிக்கும். புதுக் குழாயில் அந்த உணரி பூட்டுவதற்கு இடமிருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது, பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும்.

உப்புக்காற்றின் வேலை

கொழும்பு இளைஞர் ஒருவர் சைலன்சர் பற்றிச் சொல்லும் ஆலோசனை ஊர்காவற்றுறைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே சைலன்சரின் முதல் எதிரி கடல். எரிந்த பெற்றோல் தண்ணீரையும் உண்டாக்குகிறது. வண்டி நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து இறங்குதுறைக்கும் ஐந்து நிமிட ஓட்டம் ஓடினால், தண்ணீர் உள்ளேயே தங்கும். உள்ளிருந்து தண்ணீர், வெளியிலிருந்து உப்பு. சாதாரண இரும்பில் குரோம் பூசிய சைலன்சர் அடிப்பக்கத்தில் முதலில் ஓட்டையாகும். நம்மூரில் 'மாற்றிய சைலன்சர்' என்று பேசப்படும் வண்டிகளில் ஒரு பங்கு உண்மையில் உக்கிய சைலன்சர்தான்.

ஆகவே சத்தம் திடீரெனக் கூடினால் முதலில் அடிப்பக்கத்தையும், எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் கரிக் கோட்டையும் தேடுங்கள். கரி தெரிந்தால் காஸ்கெற் போயிருக்கிறது. அது விலை குறைந்த பொருள். ஆனால் அங்கிருக்கும் ஆணிகள் துருவேறியிருக்கும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடாமல் திருகினால் ஆணி எஞ்சின் தலைக்குள்ளேயே முறியும், அதன்பின் செலவு வேறு கணக்கு. கம்பனிச் சைலன்சரின் அடியில் இருக்கும் சிறு துளை தண்ணீர் வடிவதற்கானது. அதை ஓட்டை என்று நினைத்து ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. புதிதாக வாங்குவதென்றால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் 304 தரம் கடற்கரைக்கு ஓரளவு தாங்கும். அதுவும் மங்கிப் பழுப்பேறும். படகில் ஏற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோய்வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவினால் ஆயுள் கூடும்.

கேட்கப் பழகிய காதுகள்

சைலன்சருக்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுதாக எரியாத எண்ணெய் சைலன்சருக்குள் கரியாகப் படிந்தது. அதைக் கழற்றி நெருப்பில் சுட்டுக் கரியைத் தட்டுவது அன்று வீட்டு வேலைகளில் ஒன்று. அதே 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தது. வெளியேறிய பலர் திரும்பவேயில்லை.

அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சத்தம் ஒரு தகவல். ஹெலியா, பொம்பரா, ஷெல் எந்தத் திசையில் என்பதைக் குழந்தைகளும் காதால் பிரித்தார்கள். பின்னர் 2006, 2007இல், இரவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்து நிற்கும் சத்தத்துக்குக் குடாநாட்டில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. முகத்தை மூடியபடி வந்த பீல்ட் பைக் அணிகளை மறந்தவர் யார்? 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டி, புளியங்கூடல், வங்களாவடி ஆகிய இடங்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குறிகட்டுவானுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் போகின்றன.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் இங்குள்ள மனங்களுக்குச் செய்ததை 1998இல் வெளிவந்த ஆங்கில நூலொன்றில் பதிவுசெய்திருக்கிறார். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவின் தெளிவான அறிகுறிகளில் ஒன்று, திடீர்ச் சத்தத்துக்கு உடல் துள்ளி நடுங்குவது. அது வீரமோ கோழைத்தனமோ சம்பந்தப்பட்டதல்ல. 'சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்' என்று கேட்பதால் அது நிற்காது.

இங்கேதான் 'பட் பட்' வெடிப்புச் சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வேகத்தைக் கூட்டித் திடீரென அக்சிலேற்றரை விடும்போது, எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய், கசிவு வழியாக வரும் காற்றோடு சேர்ந்து அங்கேயே வெடிக்கிறது. அழகான தொனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கலவை பிழை, இணைப்பில் கசிவு, அல்லது வேண்டுமென்றே சாவியை அணைத்துப் போடுவது, இவைதான் காரணம். கன்வேட்டரையும் வால்வையும் இது பழுதாக்கும். காதுக்கு அது துவக்குச் சத்தத்தைப் போலவே இருக்கிறது. புங்குடுதீவின் ஒழுங்கையில் இரவு பத்து மணிக்கு இதைச் செய்யும் பெடியனுக்கு 2006இல் வயது ஒன்றோ இரண்டோ; பிறந்தேயிராமலும் இருக்கலாம். அவனுக்கு அது விளையாட்டு. வேலிக்கு அப்பால் இருக்கிற அம்மம்மாவுக்கு அப்படியல்ல.

ஓட்டுபவரின் காதுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் வைத்த அளவு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பண்ணையிலிருந்து குறிகட்டுவான் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். சத்தமான வண்டி விபத்தைத் தடுக்கும் என்ற வாதத்துக்கும் ஆதாரம் மெலிவு. 1981இல் வெளிவந்த அமெரிக்காவின் ஹேர்ட் அறிக்கையின்படி ஆபத்துகளில் முக்கால்வாசிக்கு மேல் ஓட்டுநரின் முன்பக்கத்திலிருந்தே வருகின்றன. சைலன்சரின் வாயோ பின்னால் பார்த்தபடி இருக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளுமே அடிப்படை. 2008 முதல் புகைப் பரிசோதனையும் உண்டு. அதில் தேறாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. 2025 ஜனவரியில் 'கிளீன் சிறீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் மாற்றியமைத்த சைலன்சர்களையும் கூரிய ஹோர்ன்களையும் தேடத் தொடங்கினார்கள். இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிக்கு எல்லை 80 டெசிபல். அங்கே பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை வீதியில் அடுக்கி றோலரால் நசுக்கினார்கள். ஒஸ்திரியாவின் திரோலில் 2020 ஜூன் முதல், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் பதிவான மோட்டார் சைக்கிள்கள் கோடைகாலத்தில் சில மலைவீதிகளில் போக முடியாது. பரிஸில் 2022இல் சத்தம் அளக்கும் றேடார் பூட்டினார்கள். லாச்சப்பலிலிருந்து தம்பிக்குச் சைலன்சருக்குக் காசு அனுப்பும் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும்.

நின்ற நிலைச் சோதனையை வீட்டு முற்றத்திலேயே செய்துபார்க்கலாம். சைலன்சர் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகைச் சரிவில் கைபேசியைப் பிடியுங்கள். எஞ்சின் உச்ச வலுத் தரும் சுற்றின் பாதியில் வையுங்கள். கிளாசிக் 350க்கு 6100இன் பாதி, அதாவது ஏறத்தாழ 3050. கைபேசி செயலியின் எண் துல்லியமானதல்ல. ஆனால் பழைய சைலன்சரோடும் புதியதோடும் ஒரே கைபேசியில் அளந்தால் வித்தியாசம் தெரியும். 10 டெசிபல் கூடியிருந்தால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு. மாற்றத்தான் வேண்டுமென்றால் கழற்றக்கூடிய உள்தடுப்போடு வருகிறதை வாங்கி, அந்தத் தடுப்பைக் கழற்றாமல் ஓடுங்கள். கழற்றிய கம்பனிச் சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உள்ளே எண்ணெய் தடவி, இரு முனையும் துணியால் அடைத்து, கடற்காற்றுப் படாத அறையில் வைத்திருங்கள். அடுத்த புகைப் பரிசோதனைக்கும் வண்டியை விற்கும் நாளுக்கும் அது தேவைப்படும்.