கூடி நகரும் செல்கள்: புதிய இரத்தக்குழாய் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

முன்னுரை

சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத திசு, புதிய குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது. வலுவற்ற அக்குழாய்கள் உடைந்து இரத்தம் கசிந்தால் பார்வை போகிறது. இந்நோய்க்கு இன்று கண்ணுக்குள் போடப்படும் ஊசியின் பின்னணியில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வு உண்டு. குழாய் முளைப்பது செல்களின் கூட்டுச் செயல் என்று உணர்ந்ததே அவ்வாய்வின் முக்கியத் திருப்பம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. தூண்டுபொருளைத் தேடிய காலம் (1948–1989)

விழித்திரையில் தமனிகளை ஒட்டிய பகுதியில் நுண்குழாய்கள் குறைவு. புதிய கிளைகள் பெரும்பாலும் சிரைகளிலிருந்தே முளைக்கின்றன. இதைக் கவனித்த ஐசக் மைக்கேல்சன், ஆக்சிஜன் குறைந்த திசுவிலிருந்து ஏதோ ஒரு பொருள் பரவிக் குழாய்களைத் தூண்டுகிறது என்று 1948-இல் ஊகித்தார். புதிய குழாய்கள் இல்லாமல் புற்றுக்கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது, அவற்றைத் தடுப்பதே சிகிச்சையாகலாம் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். 1983-இல் செங்கரும் ட்வோராக்கும் குழாயைக் கசியச் செய்யும் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். 1989-இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு பிரித்தெடுத்த ‘வி.இ.ஜி.எஃப்.’ என்னும் வளர்ச்சிக் காரணியும் அதே புரதம்தான் என்பது தெளிவாயிற்று.

2. நகர்வைக் கண்ட காலம் (1977–2011)

குழாய்ச் சுவரின் செல்கள் எப்படி நகர்கின்றன என்ற கேள்வி தனியே வளர்ந்தது. முளையின் நுனியில் நகர்வும் அதன் பின்னால் செல் பிரிவும் நடப்பதை 1977-இல் ஆஸ்ப்ரங்கும் ஃபோக்மனும் காட்டினர். 2003-இல் ஹோல்கர் கெர்ஹார்ட்டின் குழு, புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் விழித்திரையில் இதை நுணுக்கமாகப் பார்த்தது. நுனியிலுள்ள முனைச் செல் மெல்லிய இழைகளை நீட்டி வி.இ.ஜி.எஃப். கூடுதலாக உள்ள திசையைத் துழாவுகிறது. பின்வரும் செல்கள் பெருகிக் குழாயை நீட்டுகின்றன. முனைச் செல் தன் மேற்பரப்பிலுள்ள ‘டி.எல்.எல்.4’ புரதத்தால் அண்டைச் செல்லின் ‘நாட்ச்’ ஏற்பியைத் தொட்டு, அதுவும் முனையாகிவிடாமல் தடுப்பது 2007-இல் வெளிப்பட்டது.

ஆனால் முனைப் பதவி நிரந்தரமானதன்று. செல்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டு மாறிக்கொண்டே இருப்பதை 2010-இல் யாகோப்சனும் கெர்ஹார்ட்டும் உள்ளிட்ட குழு காட்டியது. அவை ஒன்றையொன்று முந்துவதையும் பின்வாங்குவதையும் 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தொடர் படப்பிடிப்பில் பதிவு செய்தனர். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டுக்கிடையில் முன்னோடும் ஆடு மாறினாலும் கிடை கலைவதில்லை. முளையும் அப்படியே முன்னேறுகிறது.

3. மருந்தும் அதன் எல்லையும்

2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெவாசிசுமாப், விரைவிலேயே கண் மருத்துவத்துக்கும் வந்தது. கண்ணுக்கென்றே உருவான ரானிபிசுமாப் 2006-இல் ஒப்புதல் பெற்றது. இரண்டும் வி.இ.ஜி.எஃப்.-ஐக் கட்டிப்போடுகின்றன, திசுவின் ஆக்சிஜன் பற்றாக்குறையை நீக்குவதில்லை. மருந்தின் வீரியம் தீர்ந்ததும் தூண்டுதல் திரும்பலாம் என்பதால் பலருக்கு ஊசியை மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கிறது.

முடிவுரை

ஒரு புரதத்தைத் தடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். செல்களின் கூட்டு ஒழுங்கை நெறிப்படுத்தி உறுதியான குழாய்களை உருவாக்குவது ஆய்வாளர் முன்னுள்ள பணி. நோயாளிக்கோ, திசு பட்டினி கிடக்கும் நிலை வராமல் காப்பதே முதல் மருத்துவம். புதிய குழாய்கள் வலியின்றி முளைக்கின்றன. பார்வை மங்கும்வரை காத்திராமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது கட்டாயம்.