தலைவலிக்கு ஆக்சிஜன் சிலிண்டரா? க்ளஸ்டர் தலைவலி மருந்துகள் எவ்வளவு பாதுகாப்பு... கடலூர், சிதம்பரத்தில் என்ன வழி?

தலைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் சில்லறைக் காசுக்கு மாத்திரை கிடைத்துவிடும். ஆனால் அந்த மாத்திரைக்கு அடங்காத தலைவலி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால், பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல வரும். மாத்திரை கரைந்து வேலை செய்வதற்குள் தானாகவே அடங்கியும் விடும். மறுநாள் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு மறுபடியும் வரும். இதுதான் க்ளஸ்டர் தலைவலி. தமிழில் கொத்துத் தலைவலி என்றும் சொல்கிறார்கள்.

ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்பது உலக அளவிலான கணக்கு. இதற்கான மருந்துகளில் முக்கியமானவை பழையவை, விலையும் குறைவு. ஆனால் அவற்றை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிடும்போது கூடவே செய்ய வேண்டிய பரிசோதனைகள் உண்டு. பலருக்கும் விட்டுப்போவது அதுதான்.

மைக்ரேனா, க்ளஸ்டரா?

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. மைக்ரேனை நாம் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். ஆனால் மைக்ரேன் இரண்டு பக்கமும் வரக்கூடியது. ஒரே பக்கத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது க்ளஸ்டர்தான். அதனால் "ஒரு பக்கமா வலிக்குது" என்று சொன்னதுமே மைக்ரேன் மாத்திரை எழுதப்படுவது நடக்கிறது.

வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்களே கவனிக்கலாம். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். க்ளஸ்டர் வந்தவரால் உட்காரவே முடியாது, நடப்பார், தலையைச் சுவரில் முட்டுவார். வலிக்கிற பக்கத்துக் கண் சிவந்து நீர் வழியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும். 15 நிமிஷத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு நாளைக்கு 8 முறை வரைகூட வரலாம். சில வாரங்கள் இப்படிப் படுத்தி எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காணாமல் போகும். வருஷத்தில் 3 மாதம்கூட இடைவெளி கிடைக்காதவர்களுக்கு இருப்பது நாள்பட்ட வகை. நீண்டகால மருந்து என்ற கேள்வி அவர்களுக்குத்தான் கூர்மையாகிறது.

கண்ணீரும் மூக்கொழுகலும் இருப்பதால் சைனஸ் என்றும், வலி தாடைக்கு இறங்குவதால் பல் என்றும் தவறாக நினைக்கப்படுவது உலகம் முழுக்க நடக்கிறது. நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஆக்சிஜன்: பக்கவிளைவு குறைவு, சிலிண்டர்தான் பாடு

வலி வந்த உடனே அதை நிறுத்துவதற்கு இரண்டு வழிகள் நன்றாக நிரூபணமானவை. ஒன்று, ஆக்சிஜன். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் சுத்த ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 சதவீத வலித் தாக்குதல்கள் 15 நிமிஷத்தில் அடங்கின. வெறும் காற்றைக் கொடுத்தபோது அடங்கியவை 20 சதவீதம்தான்.

மருந்துகளில் நீண்டகாலத்துக்குப் பயம் குறைந்தது இதுதான். இதய நோய் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் முதலில் யோசிப்பதும் இதைத்தான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்கள் மட்டும் கேட்காமல் தொடக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு, சாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ரெகுலேட்டரில் எண்ணெய்ப் பிசுக்குக் கையே படக் கூடாது, தீப்பிடிக்கும்.

கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே, அது போதாதா? போதாது. அவற்றில் பல நிமிஷத்துக்கு 5 லிட்டர்தான் தரும். இங்கே தேவை 12 முதல் 15 லிட்டர், அதுவும் பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க் வழியாக. கான்சன்ட்ரேட்டருக்கு கரண்டும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு இருட்டில் கிடந்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, சிலிண்டர்தான். நிமிஷத்துக்கு 12 லிட்டர், 15 நிமிஷம் என்றால் ஒரு தடவைக்கு 180 லிட்டர். சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும் 'பி' வகைச் சிலிண்டர் எட்டு தடவைக்கு வரும். தினம் மூன்று தடவை வலி வந்தால் மூன்று நாள்கூடத் தாங்காது. சுமார் 7,000 லிட்டர் பிடிக்கும் 'டி' வகை ஜம்போ சிலிண்டர் 38 தடவைக்கு வரும். ஆனால் அதை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

உள்ளே இருக்கிற வாயுவுக்கு விலை அதிகமில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம், சிலிண்டரில் நிரப்பித் தரும் மருத்துவ ஆக்சிஜனுக்கு ஒரு கன மீட்டருக்கு 25 ரூபாய் 71 காசு என்று உச்ச விலை வைத்தது, ஜிஎஸ்டி தனி. அந்தக் கணக்கில் ஒரு ஜம்போ சிலிண்டருக்கு சுமார் 180 ரூபாய். பணத்தை இழுப்பது சிலிண்டர் வாடகை, முன்பணம், ரெகுலேட்டர், வண்டிக் கூலி ஆகியவைதான்.

சுமாட்ரிப்டான்: யாருக்கு ஆகாது?

இரண்டாவது வழி சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, தோலுக்கு அடியில் போடுவது. 1991-ல் வெளியான ஆய்வில் 74 சதவீத தாக்குதல்கள் 15 நிமிஷத்தில் தணிந்தன. மாத்திரை வடிவம் எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் க்ளஸ்டருக்கு அது ரொம்ப மெதுவு. ஊசி எல்லா மெடிக்கலிலும் இருப்பு வைக்கிற சரக்கு இல்லை. சீட்டைக் கொடுத்து முன்கூட்டியே சொல்லி வாங்கி வைப்பதுதான் நடைமுறை.

ஒரு நாளைக்கு இரண்டு ஊசிக்கு மேல் கூடாது. இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகவே ஆகாது. க்ளஸ்டர் நோயாளிகளில் புகைபிடிக்கும் ஆண்கள் அதிகம் என்பதால், இளம் வயதில் ஒத்துக்கொண்ட ஊசியை 45 வயதிலும் அப்படியே தொடரலாமா என்று இதயத்தைப் பரிசோதித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் எர்காட்டமைன் கலந்த தலைவலி மாத்திரையையும் இதையும் ஒரே நாளில் சேர்க்கவே கூடாது.

வெராபமில்: ஈசிஜி இல்லாமல் டோஸ் ஏற்றலாமா?

வலி வராமலே தடுக்க முதலில் தருவது வெராபமில். பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் தரும் பழைய மாத்திரைதான். ஆனால் க்ளஸ்டருக்கு ஒரு நாளைக்கு 240 மில்லிகிராமில் தொடங்கி, சிலருக்கு 960 வரைகூடப் போகும். இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்துவது இதன் குணம். லண்டன் குயீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் வெராபமில் சாப்பிட்ட 217 பேரைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 108 பேரின் ஈசிஜிதான் கைவசம் இருந்தது. அந்த 108 பேரில் 21 பேருக்கு இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

அதனால்தான் தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று, நிலையான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒரே டோஸில் நன்றாக இருந்தவருக்குப் பின்னாளில் கோளாறு தெரிவதும் உண்டு.

இதைவிட நம் ஊரில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மைக்ரேன் என்று நினைத்து ஏற்கெனவே ப்ரோப்ரனலால் தரப்பட்டிருக்கும். அதை நிறுத்தாமல் மேலே வெராபமிலும் சேர்ந்தால் நாடித் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பழைய சீட்டுகள் அத்தனையையும் புது டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், கால் வீக்கம், ஈறு வீக்கம் இதன் மற்ற தொல்லைகள்.

லித்தியமும் ஸ்டீராய்டும்

வெராபமில் கேட்காத நாள்பட்ட வகைக்கு லித்தியம் தருவார்கள். வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி கம்மி. ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். மே மாத வெயிலில் வயலிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் வேலை செய்பவர்களுக்கும், வாந்திபேதி வந்தவர்களுக்கும் இது சாதாரண விஷயம் இல்லை. வலிக்குது என்று நடுவில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டாலும் அளவு ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாய் குழறல் வந்தால் உடனே மருத்துவமனை.

ப்ரெட்னிசலோன் சில நாளிலேயே வலியை அடக்கிவிடும். அதனாலேயே ஆபத்து. மற்ற மருந்து பிடிக்கும் வரை இரண்டு மூன்று வாரத்துக்கான பாலம் அது. அந்தப் பழைய சீட்டையே காட்டி வருஷம் முழுக்க வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை, கண்புரை, எலும்புத் தேய்மானம், இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போவது வரை வரிசையாக வரும். திடீரென நிறுத்துவதும் கூடாது. பின்தலை நரம்பில் போடும் ஊசி இதற்கு ஒரு மாற்று.

கால்கனெசுமாப் என்ற புது மாத ஊசிக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, விட்டுவிட்டு வரும் வகைக்கு மட்டும். க்ளஸ்டருக்கு அதை ஏற்க ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு மறுத்துவிட்டது.

இந்த மாவட்டத்தில் எங்கே போவது?

நோயை உறுதிசெய்ய நரம்பியல் டாக்டர் வேண்டும். சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பிறகு 2021-ல் சுகாதாரத் துறைக்குக் கீழே வந்தது. இன்று அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு சுமார் 25 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர்.

ஒவ்வொரு ஈசிஜிக்கும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நோயை உறுதிசெய்த டாக்டரிடம் 'எந்த மருந்து, எத்தனை நாளுக்கொரு பரிசோதனை' என்று எழுதி வாங்கிக்கொண்டால், ஈசிஜியை மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே எடுத்து அனுப்பலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. க்ளஸ்டர் நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு, அவர்களைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை.

இன்னொரு கடிதமும் தேவை. நள்ளிரவில் கேஷுவால்டியில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்து, 'தலைவலிக்கு ஏன் ஆக்சிஜன்?' என்று பணியில் இருக்கும் டாக்டர் கேட்பது இயல்பு. நோயின் பெயர், '100 சதவீத ஆக்சிஜன், 12 முதல் 15 லிட்டர், நான்-ரீபிரீதர் மாஸ்க், 15 நிமிஷம்' என்று டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாள் பர்ஸில் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸிலும் ஆக்சிஜன் உண்டு.

வாழ்க்கையிலேயே முதல் முறையாக இப்படி வலி வந்தாலும், காய்ச்சலோ கழுத்து இறுக்கமோ கை கால் மரத்துப்போவதோ சேர்ந்து வந்தாலும் க்ளஸ்டர் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மருந்தால் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். இந்த வலிக்கு 'தற்கொலைத் தலைவலி' என்றே ஒரு பெயர் உண்டு. அப்படி எண்ணம் வந்தால் தமிழக அரசின் 104 உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.