வீட்டுக்குள் ஒரு கேமரா

போன மாதம் தம்பி போன் செய்தான். "அண்ணா, வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. பங்குனிக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிடலாம்கிறாங்க. இடிச்சுட்டுத்தான் கட்டுவாங்களாம்" என்றான். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு அது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நீளமாகப் போகும். பங்காளிகள் ஐந்து பேர். விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அன்று இரவு பழைய ஆல்பங்களைப் புரட்டினேன். வாசலிலும் திண்ணையிலும் எடுத்த படங்கள் ஏராளம். வீட்டுக்குள் எடுத்தவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று, 1974-ல் என்னுடைய பெட்டிக் கேமராவில் நானே எடுத்தது. ஒரு வெள்ளை ஜன்னல், சுற்றிலும் கறுப்பு, அவ்வளவுதான் தெரிகிறது. அந்தக் கறுப்புக்குள் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இடிப்பதற்குள் வீட்டை உள்ளே முழுவதும் படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எந்தக் கேமரா வாங்குவது? பேரனைக் கேட்டால் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பினான். எனக்குத்தான் தெரியுமே, எதையும் சரித்திரத்தைப் படிக்காமல் வாங்க மாட்டேன்! படித்ததில் தெரிந்துகொண்டது இது: என் 1974 படத்தின் கோளாறு கேமரா பிறந்தபோதே கூடப் பிறந்தது.

1835 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் லேகாக் என்ற ஊரில் தம் வீட்டுக்குள் ஒரு சிறு மரப்பெட்டியை வைத்து, ஜன்னலைப் படம் எடுத்தார். இன்று நமக்குக் கிடைக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. புதிதாக இருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜன்னலின் சிறு கண்ணாடிகள் சுமார் 200-ஐயும் எண்ண முடிந்ததாம். அவர் மனைவி அந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் எலிப்பொறி! படத்தில் ஜன்னல் தெரிகிறது, அறை தெரியவில்லை. அறையின் மூலையைவிட ஜன்னல் பல நூறு மடங்கு வெளிச்சமாக இருக்கலாம். நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்கிறது. கேமராவால் முடிவதில்லை.

இந்த இருட்டை வெல்ல இரண்டு வழிகள் வந்தன.

முதல் வழி, நாமே வெளிச்சத்தைக் கொண்டுபோவது. 1887-ல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஒரு ஃபிளாஷ் தூளைக் கண்டுபிடித்தார்கள். நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஜேக்கப் ரீஸ் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தூளோடு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். வறுக்கும் சட்டியில் தூளைக் கொட்டிப் பற்றவைப்பார். ஒருமுறை அந்த நெருப்பு சுவரிலிருந்த காகிதத்தில் பிடித்துக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். ஜன்னலில்லாத அறைகளில் ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்ததை 1890-ல் அவர் வெளியிட்ட புத்தகம் ஊருக்குக் காட்டியது. 1901-ல் நியூயார்க்கில் குடியிருப்புச் சட்டம் வந்ததற்கு அவருடைய வேலையும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, பொறுமை. பாரிஸில் யூஜின் அட்ஜே என்பவர் 1910 வாக்கில் நகரத்து வீடுகளின் உட்புறங்களை ஒரு ஆல்பமாகத் தொகுத்தார். கனத்த மரக் கேமரா, 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், ஒரு முக்காலி. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சமே போதும் என்று மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் அசையாமல் ஒத்துழைத்தன. இதில் ஒரு வேடிக்கை. வேறு யாருடைய வீடோ என்று பெயர் போட்டு அவர் சேர்த்த படங்களில் சில அவருடைய சொந்த வீடுதான்!

ரீஸுக்கு ஃபிளாஷ் தேவைப்பட்டது. அந்த அறைகளில் வெளிச்சமே கிடையாது, அதைத்தான் அவர் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் கூடத்தில் முற்றத்து வெளிச்சம் சாய்வாக விழும். காலையில் ஒரு தூண், மதியம் ஒரு தூண். ஃபிளாஷ் அடித்தால் தூண் இருக்கும், அந்த வெளிச்சம் போய்விடும். ஆகவே எனக்கு அட்ஜேயின் வழிதான். அதனால் நான் முதலில் வாங்கியது கேமரா இல்லை, ஒரு கனமான டிரைபாட்.

அடுத்த சிக்கல் கோடுகள். உயரத்தைப் பிடிக்கக் கேமராவை மேலே தூக்கினால் சுவர்களும் தூண்களும் உள்பக்கம் சாய்கின்றன. பழைய மரக் கேமராவில் பெட்டியை நேராகவே வைத்து லென்ஸை மட்டும் மேலே ஏற்றுவார்கள். அட்ஜே படங்கள் பலவற்றில் மேல் மூலைகள் கறுத்திருப்பது அப்படி ஏற்றியதால்தான். சிறிய 35 மி.மீ. கேமராக்களுக்கு இப்படி நகரும் லென்ஸை நிக்கான் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இன்றும் அந்த வகை லென்ஸ்கள் விலை அதிகம். நமக்கு எளிய வழி, கேமராவை நான்கடி உயரத்தில் மட்டமாக வைப்பது. மிச்சச் சாய்வைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது சிக்கல் இடம். பத்தடி அறையில் எவ்வளவுதான் பின்னால் போவது? 1900-லேயே ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம் 135 டிகிரி பார்க்கும் ஹைப்பர்கான் என்ற லென்ஸை விற்றது. இன்று போனிலேயே அகலமான லென்ஸ் வருகிறது. ஆனால் லென்ஸ் அகலமாக ஆக அறையும் பெரிதாகிவிடும். வீடு விற்பவர்களின் விளம்பரங்களில் குளியலறைகூட மண்டபமாகத் தெரிவது இப்படித்தான்.

இங்கேதான் நான் தயங்கினேன். எங்கள் உள் அறையில் மழைக்காலத்தில் எட்டுப் பேர் படுப்போம். நடுராத்திரி எழுந்தால் யாரையாவது மிதிக்காமல் வெளியே வர முடியாது. அந்த அறை என் படத்தில் மண்டபமாக மாறிவிட்டால் பேரன் எதை நம்புவான்? எட்டுப் பேர் தாராளமாகத்தான் படுத்திருக்கிறார்கள் என்றல்லவா நினைப்பான்! ஆகவே 35 மி.மீ. கணக்கில் 24-க்கு மேல் அகலம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். படுக்கைவசத்தில் சுமார் 74 டிகிரி. அறை முழுவதும் ஒரே படத்தில் வராவிட்டால் இரண்டு படம் எடுக்கலாம்.

கடைசியில் வாங்கியது, ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்றும் 16–50 மி.மீ. லென்ஸும். அதன் 16 என்பது நான் சொன்ன 24-க்குச் சமம். டிரைபாட் இருக்கும்போது எக்ஸ்போஷர் இரண்டு விநாடி ஆனாலும் கவலையில்லை, ஐஎஸ்ஓ 100-லேயே எடுக்கலாம். ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். டால்பட்டுக்குக் கிடைக்காத வசதி!

வரும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். காலை எட்டு மணிக்கு அடுக்களை ஜன்னலில் வெயில் வரும். 1974-ல் நின்ற அதே இடத்தில் முக்காலியை வைக்கப் போகிறேன். ஜன்னலுக்கு இடது பக்கம், அந்தக் கறுப்பு இருந்த இடத்தில், அடுப்பு மேடையும் அதன் மேல் புகை படிந்த மாடமும் இந்த முறை தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவளைத்தான் எந்தக் கேமராவிலும் இனி எடுக்க முடியாது. உங்கள் வீட்டில் அம்மா அடுக்களையில் இருந்தால், வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தாமல், இருக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள்.