போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டதா? வாரன்டி கேட்கும் முன் பிரிக்காதீங்க

பயிர் வாடும்போது, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் கடைக்கு ஓடத்தான் தோன்றும். சிக்கலே அங்கேதான். வெளியாள் பிரித்த மோட்டாருக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரன்டி தருவதில்லை. மேலே எடுத்ததும் சீரியல் எண்ணைப் படமெடுங்கள். பில், வாரன்டி கார்டோடு டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஏற்றி இறக்கும் கூலி பொதுவாக உங்கள் தலையில்தான்.

‘லோ வோல்டேஜ்’, ‘தண்ணியில்லாம ஓடியிருக்கு’ என்று மறுத்தால், அதை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய விவசாயியும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.