பழவேற்காட்டுக் கடிதங்களும் நம்ம இன்பாக்ஸும்

"மெயில் பாக்ஸ் நிரம்பிவிட்டது, பழையதை அழிக்கவும் அல்லது ஆர்க்கைவ் செய்யவும்" என்று கம்ப்யூட்டர் கேட்டால் நம்மில் பலர் ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் பழைய கடிதங்களை என்ன செய்வது என்ற தலைவலி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. நம்ம காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டில் 400 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கம்பெனிக்கு இதே பிரச்சினை இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், எது பிழைத்தது, எது தொலைந்தது என்று பார்ப்போம். பி.காம். மக்களுக்கு ஆடிட்டிங் பேப்பருக்கும் கொஞ்சம் உதவும் :-)

கோட்டையும் குமாஸ்தாக்களும்

காட்டுப்பள்ளி என்றால் இன்று நினைவுக்கு வருவது துறைமுகம், கண்டெய்னர் லாரிகள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று வரிசையாக மெயில் போகாமல் ஒரு கண்டெய்னரும் கப்பல் ஏறாது. பழவேற்காட்டிலும் அன்று இதே கதைதான், மெயிலுக்குப் பதில் மையும் காகிதமும்.

1602ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல் பழவேற்காட்டில் கால் பதித்தது. 1613ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சுமார் 1690 வரை அவர்களுடைய சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதுதான் தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கே துணி வாங்கினார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், நாணயம் அச்சடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் கடிதம்.

ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் போய்ச்சேர பல மாதம் ஆகும். நடுவில் கப்பல் மூழ்கலாம், எதிரி பிடிக்கலாம். அதனால் கம்பெனி யாரையும் எதையும் நம்பவில்லை. பழவேற்காட்டில் எழுதிய கடிதம் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும். அங்கே கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் அதை மறுபடி கையால் நகலெடுப்பார்கள். ஒரு பிரதி ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு, இன்னொன்று ஜீலாந்து கிளைக்கு. பிரதிகளை ஒரே கப்பலில் ஏற்றாமல் வெவ்வேறு கப்பல்களில் பிரித்து அனுப்புவது வழக்கம்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவற்றை வருஷவாரியாகப் பைண்ட் செய்து அடுக்கினார்கள். அந்தத் தொகுதிகளுக்கு டச்சு மொழியில் உள்ள பெயரைத் தமிழில் சொன்னால் 'வந்து சேர்ந்த கடிதங்களும் காகிதங்களும்'. அதாவது... இன்பாக்ஸ்!

எது பிழைத்தது?

1781ல் பழவேற்காட்டை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அப்புறம் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியில் 1825ல் ஊர் ஒரேயடியாக அவர்கள் கைக்கு வந்தது. கம்பெனியே 1799ல் கடனில் மூழ்கி முடிந்துபோயிருந்தது. கோட்டை இன்று இல்லை. மிச்சம் இருப்பது வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம்தான்.

சரி, கடிதங்கள்? எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கொச்சி அலுவலகத்தைச் சேர்ந்தவை. பழவேற்காட்டின் 17ஆம் நூற்றாண்டு வியாபாரத்தைப் படிக்க வேண்டும் என்றால் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். தபன் ராய்சௌதுரி 1962ல் வெளியிட்ட சோழமண்டல டச்சு வரலாறும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் எழுதிய வணிக வரலாறுகளும் டச்சுக் காகிதங்களைப் புரட்டி எழுதப்பட்டவைதான்.

கவனியுங்கள்: எழுதிய ஊரில் இருந்த கட்டு காப்பாற்றவில்லை. கடல் தாண்டிப் போன நகல்தான் காப்பாற்றியது.

ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன், ஹேக் என ஐந்து ஊர்களிலும் சேர்த்து சுமார் 2.5 கோடிப் பக்கங்கள் பிழைத்திருக்கின்றன. 2003ல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். பழவேற்காட்டின் பெரிய வியாபாரிகளான அச்சுதப்பச் செட்டி, அவர் தம்பி சின்னண்ணா போன்றவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இந்தக் கடிதங்களிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்று. இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் தங்கள் கதையை எழுதி வைக்கவில்லை. பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாக, சரக்குக் கணக்கில் ஒரு வரியாக இருக்கிறார்கள். அந்த வரியும் தொலைந்திருந்தால் அப்படி ஒன்று நடந்ததற்கே சாட்சி இருக்காது. எழுதியவனுக்கு அது வெறும் ஆபீஸ் கணக்கு. நமக்கு அதுதான் ஆதாரம்.

ஆர்க்கைவ் வேறு, பேக்கப் வேறு

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். அவுட்லுக் 2002 வரை வந்த பதிப்புகளில் மெயில் கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கோப்பே திறக்காமல் போகும் ஆபத்து உண்டு. அதனால் 'ஆட்டோ ஆர்க்கைவ்' என்ற வசதியைப் பலரும் பயன்படுத்தினார்கள். அது என்ன செய்யும்? பழைய மெயிலை ஒரு கோப்பிலிருந்து எடுத்து இன்னொரு கோப்பில் போடும், பெரும்பாலும் அதே ஹார்டு டிஸ்க்கில். பெட்டி லேசானது, ஆனால் பிரதி இன்னும் ஒன்றுதான். டிஸ்க் போனால் இரண்டும் போச்சு!

2004ல் ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தபோது இனி அழிக்கவே வேண்டாம் என்று எல்லோரும் குதித்தார்கள். ஜிமெயிலில் உள்ள ஆர்க்கைவ் பட்டனும் மெயிலை இன்பாக்ஸிலிருந்து நகர்த்துமே தவிர நகல் எடுக்காது, இடத்தையும் மிச்சப்படுத்தாது. 2011 பிப்ரவரியில் சாஃப்ட்வேர் கோளாறு ஒன்றால் சுமார் 0.02 சதவீதம் பேரின் ஜிமெயில் காலியாகத் தெரிந்தது. கூகுள் பல இடங்களில் பிரதி வைத்திருந்தும் கோளாறு அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் கைகொடுத்தது தனியாகக் கழற்றி வைத்திருந்த டேப். டச்சுக்காரன் வேறு கப்பலில் அனுப்பிய பிரதி மாதிரிதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 128ஆம் பிரிவின்படி கணக்குப் புத்தகங்களையும் அதற்கான வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வேண்டும் என்று 2022ல் விதியைத் திருத்தினார்கள். வவுச்சரே இன்று மெயிலில் இணைப்பாக வருகிறது என்றால், அந்த மெயிலும் கணக்கின் ஒரு பாகம்தானே?

வழி ரொம்ப சுலபம். மெயிலை வருஷவாரியாகப் பிரியுங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் டேக்கவுட் மூலம் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி டிஸ்க்கில், அந்த டிஸ்க் வேறொரு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. நகல் எடுத்ததும் ஒரு முறை திறந்து பாருங்கள், திறக்காத நகல் நகலே இல்லை. பெட்டியில் இருக்கும் பழசை அழிப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பழவேற்காட்டுக் குமாஸ்தா எந்தக் கடிதம் 400 வருஷம் கழித்துத் தேவைப்படும் என்று யோசித்து நகலெடுக்கவில்லை. வந்ததை எல்லாம் நகலெடுத்தான். நமக்கு அவ்வளவு கை வலிக்கப் போவதில்லை.